உபகாரச் சம்பளமும் இரண்டு நாற்காலிகளும்

அறுபதுகளில் நாங்கள் பஃபலோ ரோட்டில் கீழே அச்சுக்கூடம் இருந்த ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். மேல்மாடி என்றதும் முழு மாடியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பலகைத் தடுப்பு அடித்து ஐந்தாகப் பிரித்திருந்ததில் தெருப்பக்கத்து அறை எங்களுடையது. அப்பா, அம்மா, நான், இரண்டு தங்கைகள் என்று ஐந்து பேர் அதில் இருந்தோம். சமையலறை எல்லாருக்கும் பொது.

அப்பா டாங்ளின் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் தோட்டக்காரர். மலாயில் கெபுன் என்பார்கள். துரையும் துரைசானியும் அப்பாவை அந்தப் பெயரிலேயே கூப்பிட்டார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்னவாம் என்று எனக்கு எரிச்சலாக வரும். அப்பா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஹெச்.எஸ்.சி. தேர்வு எழுதிவிட்டு, மேலே படிக்கப் பணத்துக்கு என்ன வழி என்று பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையிடம் கேட்டேன். அவர் ஒரு நீளமான விண்ணப்பப் பாரத்தை மேசையில் விரித்துப் பொறுமையாக விளக்கினார். ஸ்காலர்ஷிப் வேறு, பர்சரி வேறு. முதலாவது கெட்டிக்காரர்களுக்கு. இரண்டாவது, தேறியிருந்தும் படிக்க வசதியில்லாதவர்களுக்கு. என் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, நீ இரண்டாவதற்குத்தான் போட வேண்டும் என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏழை என்று நிரூபித்தால்தான் கிடைக்கும், ஏழை என்று சொல்லவோ வாய் வரவில்லை.

தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டுக்கும் உபகாரச் சம்பளம் என்று ஒரே பெயர்தான். நான் வீட்டுக்கு வந்து அப்படித்தான் சொன்னேன். அப்பா அதில் உபகாரத்தை விட்டுவிட்டுச் சம்பளத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“படிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களாம் நம்ம பாப்பாவுக்கு” என்று கீழே அச்சுக்கூடத்துக்காரரிடம் சொன்னார். மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

பாரத்தை நான்தான் நிரப்பினேன். அப்பாவின் வருமானம் எவ்வளவு, அதை நம்பி எத்தனை பேர், வீட்டில் எத்தனை அறை, வேறு சொத்து உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு வரி இருந்தது. மேலே கூறிய அனைத்தும் உண்மை, பொய் என்று தெரிந்தால் விண்ணப்பம் தள்ளப்படும். அதன் கீழே அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை. அந்த ‘இல்லை’களை அவர் காதில் போட எனக்குத் துணிவில்லை.

இது கிடைக்காவிட்டால் தட்டெழுத்துப் பழகி வேலைக்குப் போவது என்று ஏற்கெனவே பேசி முடிவாகியிருந்தது. அம்மாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அதிகாரி ஒருவர் வரும் சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்து பார்வையிடுவார், பெற்றோர் இருக்க வேண்டும். தமிழில் சொன்னபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நம்ம வீட்டுக்கா? ஆபீசரா?”

“ஆமாம்பா. நாம எப்படி இருக்கோம்னு பாக்க வர்றாங்க. இருக்கறதை அப்படியே காட்டினாப் போதும்.”

“சரிதான். அதுக்காக வர்றவங்களை நிக்க வச்சா பேசறது?”

அன்றிலிருந்து வீட்டில் நடந்ததை வைத்துப் பார்த்தால், பெண் பார்க்க வருகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுத்த அறை அக்கா நினைக்கவே செய்தார், மாப்பிள்ளை எந்த ஊர் என்று என்னிடமே கேட்டார். அம்மா கேசரிக்கு ரவை வாங்கி வைத்தாள். அச்சுக்கூடத்திலிருந்து பிரம்பு பின்னிய நாற்காலிகள் இரண்டு மேலே ஏறின. பின்னறையில் இருந்த டாக்சி ஓட்டும் மாமா தன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“வச்சுக்க லா. வீடுன்னா ஒரு ரேடியோ வேணாமா?” என்றார்.

தெருக்கோடி மாவு மில்லிலிருந்து சுவர்க்கடிகாரம் வந்தது. மேசை விரிப்பும் பீங்கான் கோப்பைகளும் யார் கொடுத்தார்கள் என்று இப்போது நினைவில்லை. ஒவ்வொரு சாமான் உள்ளே வரும்போதும் என் பாரத்தில் ஒரு ‘இல்லை’ பொய்யாகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

“அப்பா, இதெல்லாம் இருந்தா நமக்கு வசதின்னு நெனச்சுக்குவாங்க. குடுக்க மாட்டாங்க.”

அப்பா கடிகாரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.

“கெபுன் வீடுன்னா ஒண்ணுமில்லாமக் கெடக்கணும்னு சட்டமா, பாப்பா? உனக்கு மார்க்குக்குத்தானே குடுக்கறாங்க?”

மார்க்குக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் காலை அப்படி ஆகியிருக்காது. என் கோழைத்தனத்துக்கு வேறு பெயர் கிடையாது.

வந்தவர் ஒரு சீன அம்மையார். கண்ணாடி போட்டிருந்தார், கக்கத்தில் கோப்பு. செங்குத்தான மாடிப்படியில் ஏறி மூச்சு வாங்க நின்றவரை அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கைகூப்பி வரவேற்று நாற்காலியைக் காட்டினார். இன்னொரு நாற்காலியில் அவர் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார். நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்லி, அவர் சொன்னதை ஆங்கிலத்தில் திருப்பினேன். எத்தனை பேர் இங்கே படுக்கிறீர்கள், எங்கே உட்கார்ந்து படிக்கிறாய், தங்கைகள் என்ன படிக்கிறார்கள். கேட்டுக்கொண்டே ரேடியோவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பில் என் பாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார்.

வீடு வசதியாகத்தான் இருக்கிறது, அப்பாவுக்கு வேறு ஏதாவது வருமானம் உண்டா என்று கேள் என்றார்.

கேட்டேன். அப்பா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்.

“வேற வருமானமெல்லாம் கெடையாது. ஆனா ஒரு கொறையும் இல்லே, நல்லாத்தான் இருக்கோம்னு சொல்லு.”

அம்மையாரின் பேனா காத்துக்கொண்டிருந்தது. அப்பா சொன்னதை அப்படியே சொன்னால் தட்டெழுத்து இயந்திரம்தான். வேறு எதையாவது சொன்னால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அவருக்கு என்னென்ன ஆங்கில வார்த்தை தெரியும் என்று மனதுக்குள் அவசரமாக எண்ணிப் பார்த்தேன். வாட்டர், ஃபிளவர், டுமாரோ, ஃபினிஷ். சேர் தெரியும், ரேடியோ தெரியும், மணி என்றால் பணம் என்று தெரியும். அந்த வார்த்தைகளை விலக்கிவிட வேண்டும். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, அப்பா சொன்னதைத்தான் சொல்கிறேன் என்கிற குரலில் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார். ஆனால் நீங்கள் இங்கே பார்க்கிற எதுவும் எங்களுடையது இல்லை. எல்லாம் உங்களுக்காக இரவல் வாங்கியவை. நான் இதைச் சொன்னது அவருக்குத் தெரிய வேண்டாம்.”

இரவல் என்பதற்கு ‘பாரோட்’ என்ற வார்த்தையைப் போட்டேன். அப்பா பக்கத்தில் நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்படியே தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. இவ்வளவு கேவலமான காரியத்தை நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை.

அம்மையார் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்குப் புரிகிற மலாயில் எதையாவது கேட்டு என்னைக் காட்டிக்கொடுத்துவிடப் போகிறார் என்று பயந்து நின்றேன். அவர் அம்மா வைத்த காப்பிக் கோப்பையை எடுத்து முழுவதும் குடித்துவிட்டு அப்பாவைப் பார்த்து, “கோப்பி சேடாப்” என்றார். காப்பி நன்றாக இருக்கிறது என்பதோடு மலாய் முடிந்தது. கேசரியும் சாப்பிட்டார். காகிதங்களைக் கோப்புக்குள் வைத்து மூடிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் வரைக்கும் இருக்கட்டுமே, கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள் அம்மா. அப்பா கேட்கவில்லை. இரண்டு நாற்காலிகளையும் அவரே தூக்கிக்கொண்டு கீழே போனார்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மாடிப்படியில் பாதி தூரம் இறங்கியிருப்பேன். நான் சொன்னதை அந்த அம்மா நம்பினாரா, சாமானையும் வாங்கி வைத்துவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தாரா என்று ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் சாய்ந்தேன். அப்பாவின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. ஏதாவது கேட்டால் பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விடுவேன்.

கிடைத்துவிட்டது. ஒரு வருடத்துக்குக் கட்டணமும் புத்தகச் செலவும். அப்பா கடிதத்தை மடிக்காமல் கையில் பிடித்தபடியே கீழே இறங்கினார். பாப்பாவுக்குச் சம்பளம் வந்துவிட்டது என்று அவர் அச்சுக்கூடத்தில் சொல்வது மேலே எனக்குக் கேட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பயமும் முழுதாகப் போய்விடவில்லை.

ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும் என்று அதே கடிதத்தில் இருந்தது. மறு வருடம் திரும்பவும் பாரம், திரும்பவும் கடிதம், திரும்பவும் ஒரு சனிக்கிழமை. அதே அதிகாரிதான் வருகிறார் என்று போட்டிருந்தது. நான் படித்துச் சொன்னதும் அம்மா பரபரப்பானாள்.

“என்னங்க, அச்சுக்கூடத்துல இப்பவே சொல்லி வச்சிடுங்க, நாற்காலிக்கு.”

அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“வேணாம். இந்தத் தடவை பாரோ நாற்காலியெல்லாம் வேணாம்.”

“அது என்ன நாற்காலி?” என்றாள் அம்மா.

“இரவல் நாற்காலி. பக்கத்து பங்களாக்காரன் வாரத்துக்கு ஒருதரம் வேலிப் பக்கம் வந்து நின்னு எங்க புல்வெட்டுற மெஷினை அப்படித்தான் கேப்பான். பாரோ, பாரோன்னு.”

தட்டிய புல்லை ஒன்றுசேர்த்து ஜன்னல் வழியாகப் போட்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“பாய் போட்டாப் போதும். அந்தம்மா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க. ஆனா பாப்பா, இந்தத் தடவை நான் சொல்றதை அப்படியே சொல்லணும்.”

“சரிப்பா” என்றேன்.