தோற்றவர் கேட்ட கேள்வி

விளையாட்டைப் பற்றிப் போய் எழுதுவதா என்று பல வருடம் தயங்கினேன்.

சிதம்பரத்தில் மகளின் ஹால் டிக்கெட் எடுக்க பிரவுசிங் சென்டர் போயிருந்தேன். பக்கத்தில் குமராட்சி போகும் மினிபஸ்ஸின் கண்டக்டர் ஒருவர், தோள்பையைக் கழற்றாமல், இன்டர்நெட்டில் விண்வெளிக் கப்பல் சண்டை ஆடிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் ஆடிச் சேர்த்த கப்பலை எங்கோ வெளிநாட்டில் ஒருவன் ஒரே நிமிடத்தில் நொறுக்கிவிட்டான்.

"போச்சா மாமா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

"பதினோராவது கப்பல் மாப்ள" என்றவர், ஏதோ தட்டி அனுப்பினார். என்னவென்று கேட்டேன்.

"நான் எங்க தப்பு பண்ணேன்னு அவனையே கேட்டேன் சார். அடிச்சவனுக்குத்தான தெரியும்."

வந்த பதிலைப் பையிலிருந்த பஸ் டிக்கெட் ஒன்றின் பின்புறம் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, சின்னக் கப்பல் ஒன்றில் மறுபடி கிளம்பினார்.

தினமும் நடராசரைக் கும்பிடுகிற நான், என்னை வென்ற ஒருவரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் அவரை ஜெயிக்கவைத்துச் சொல்லிவிடாதீர்கள். நான் பார்த்தபோது அவர் தோற்றுத்தான் இருந்தார்.