பத்தொன்பது வருடம் மாற்று கோல்கீப்பர்

ஆட்டம் இருக்கிற நாளில் பென்னி காலையிலேயே நகம் வெட்டிக்கொள்வார். கையுறைக்குள் நகம் இடிக்கக் கூடாது என்பதற்காக. திருமணமாகி வந்த மாதத்திலிருந்து சோபியா இதைப் பார்த்து வருகிறார். பதினாறு வருடத்தில் ஒரு ஆட்ட நாளும் தப்பியதில்லை. ஆனால் அந்தக் கைகள் ஒரு இறுதி ஆட்டத்திலும் பந்தைத் தொட்டதில்லை. பென்னி மாற்று கோல்கீப்பர். கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்.

"வெட்டுன நகத்துக்காவது ஒரு நாள் உள்ள எறங்கலாம்லா" என்று சோபியா கேலி செய்வார்.

"எறங்குனா நீதாம் மொதல்ல கண்ண மூடுவ" என்பார் பென்னி.

பென்னியின் அப்பா தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து அந்தமானில் உள்ள ரங்கத்துக்கு மீன்பிடிக்க வந்தவர். பென்னி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, படகுத்துறைக்குப் பக்கத்து ஐஸ் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஐந்திலிருந்து மூன்று வரை ஐஸ் கட்டி தூக்குவது, நான்கு மணிக்கு மைதானம். இருபத்திரண்டு வயதில் கடல் விண்மீன் கால்பந்து கிளப்பில் பெயர் கொடுத்தார். இந்தி பேசுகிறவர்கள் அதை சிதாரா டீம் என்பார்கள்.

முப்பத்து நான்கு வருடத்தில் சிதாரா பதினேழு முறை தீவுக் கோப்பையை வாங்கியிருக்கிறது. அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கோவில் மாதாவின் அருள் என்பார்கள் சிலர். ராஞ்சியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பையன்களின் கால்பலம் என்பார்கள் சிலர். எங்கள் மைதானத்துச் சேற்றில் ஓடிப் பழகியவனுக்குப் போர்ட் பிளேர் புல்தரை ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பென்னிக்கு வேறு காரணம் தெரியும்.

கிளப்பின் முதல் கேப்டன் அந்தோணிமுத்து ஒரு இறுதி ஆட்டத்தில் கால்விரல் எலும்பு விரிசல் விட்டதை மறைத்து இறங்கினார். சொன்னால் தன் இடம் போய்விடும், அடுத்தவன் பிடித்துக்கொள்வான் என்ற பயம். கடைசி நிமிடத்தில் துரத்த வேண்டிய ஆளைத் துரத்த முடியவில்லை. டீம் தோற்றது. அடுத்த வருடம் அவரே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கேட்பது: "பூரா ஹோகா?" முழுசாக முடியுமா என்று அர்த்தம். வங்காளி, தெலுங்கு, தமிழ், ராஞ்சி என்று கலந்த டீம் ஆதலால் கேள்வி இந்தியில். "ஹோகா" என்றால் விளையாடலாம். "நஹி ஹோகா" என்றால் உட்காரலாம். உட்கார்ந்தவனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடம் உறுதி. அதை யாரும் பறிக்க முடியாது.

மற்ற டீம்களில் வீங்கிய கணுக்காலைக் காலுறைக்குள் ஒளித்துக்கொண்டு ஆடுவார்கள். சிதாராவில் அந்தத் தேவை இல்லை. அதனால் கடைசி அரைமணி நேரத்தில் எதிரணியில் ஏழெட்டுப் பேர் ஓடும்போது சிதாராவில் பதினோரு பேரும் ஓடுவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

மாற்று ஆட்களையும் அதே வரிசையில் நிறுத்திக் கேட்பார்கள். பென்னி ஒவ்வொரு முறையும் "ஹோகா" என்றே சொல்லி வந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜூலையில் ஐஸ் பேக்டரியில் கொக்கி நழுவி, கட்டி அவருடைய இடது தோளில் விழுந்தது. வீக்கம் வடிந்த பிறகும் கை காதுக்கு மேலே எழும்பவில்லை. சோபியாவிடம் மட்டும் சொன்னார்.

"கிளப்புல சொல்லியாச்சா?"

"பெஞ்சுல உக்காருறதுக்குத் தோள் எதுக்குட்டி?"

சோபியா சிரிக்கவில்லை. அந்தப் பருவத்தின் பதினைந்து ஆட்டத்திலும் பென்னி வரிசையில் நின்று "ஹோகா" என்றார். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய உண்மையான வேலை பயிற்சியில்தான். மாலை முழுக்க எல்லோரும் அடிக்கிற பந்துகளைப் பிடிப்பவர் அவர். கோல் அடிக்கிற பாலகுமார் அந்த வருடம் ஒரு அடியைப் பழகிக்கொண்டான். பென்னியின் இடது கைப்பக்கம், உயரத்தில், கம்பத்தை ஒட்டி. அடித்தால் உள்ளேதான்.

"அண்ணா, பாத்தீங்களா? பக்கா ஷாட்!"

"நல்லாத்தாம் அடிக்க" என்றார் பென்னி.

மறு ஜூனில் போர்ட் பிளேரில் இறுதி ஆட்டம். டீம் சனிக்கிழமையே பஸ்ஸில் போய்ச் சேர்ந்தது. முதல் கோல்கீப்பர் டேவிட், கார் நிக்கோபார் தீவில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தான். அவன் கப்பலில் வரவேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் வந்தது. கடல் கொந்தளிப்பு, ஷிப் கேன்சல், ஹெலிகாப்டரும் பறக்கவில்லை.

செயலாளர் பக்தவத்சலம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பென்னியைப் பார்த்தார். மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சும் கம்பி இழுத்தாற்போல் நேராக இருக்கும்.

"பென்னி, இன்னிக்கு நீதாம்பா. நகத்த வெட்டிட்டல்ல?"

எல்லோரும் கைதட்டினார்கள். சேர்ந்து மூன்று மாதமே ஆன மூன்றாவது கோல்கீப்பர் அஸ்வின்தான் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினான். பத்தொன்பது வயது. ஒரு ஆட்டமும் ஆடியதில்லை.

சோபியாவுக்குச் செய்தி அதற்குள் எட்டிவிட்டது. போனில் கூப்பிட்டார். "நெசமாவே எறங்கப் போறீயளா?" என்றார். பிறகு சற்று நிறுத்தி, "தோளு?" என்றார்.

"பாத்துக்கிடுவம்" என்று பென்னி போனை வைத்தார்.

வயது நாற்பத்தொன்று. அடுத்த வருடப் பட்டியலில் பெயர் இருக்குமா என்பதே சந்தேகம். இன்னொரு இறுதி ஆட்டம் அவருக்கு வரப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும், டீமுக்கும் தெரியும். இடது கம்பத்தை ஒட்டி நின்றால் சமாளிக்கலாமே என்று உடை மாற்றும்போது கணக்குப் போட்டார். கையுறை மாட்டினார். எழுந்து வரிசையில் நின்றார்.

பக்தவத்சலம் முதல் ஆளிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். ஹோகா. ஹோகா. ஹோகா.

"பென்னி, பூரா ஹோகா?"

"நஹி ஹோகா, அண்ணே."

"வெளயாடாதப்பா."

"இடது கை மேல போவாது. போன ஜூலையிலேருந்து."

பக்தவத்சலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஸ்வின், பூரா ஹோகா?" என்றார். "ஹோகா" என்று அஸ்வின் சொன்னது பாதிதான் வெளியே வந்தது. பென்னி கையுறையைக் கழற்றி அவனிடம் நீட்டினார். அவனுடையது கிழிந்திருந்தது.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். அஸ்வின் மேல் குற்றமில்லை. கார்னரில் வந்த பந்து எதிரணிக்காரன் தலையில் பட்டு உள்ளே போனது, டேவிட்டாக இருந்தாலும் போயிருக்கும். அதைத் தவிர நான்கு பந்துகளைப் பிடித்தான். ஆனால் பாலகுமாருக்கு மூன்று தடவை வழி கிடைத்தது. மூன்று தடவையும் பழகிய இடத்துக்கே அடித்தான். எதிரணி கோல்கீப்பர் கையைத் தூக்கி, கொடியில் காய்கிற துணியை எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டார். இரண்டாவது முறை பென்னிக்குச் சந்தேகம் வந்தது. மூன்றாவது முறை புரிந்துவிட்டது. ஒரு வருடமாக அந்தப் பையன் அடித்துப் பழகியது கோலுக்குள் அல்ல, தன் தோளுக்குள்.

மறுநாள் திரும்பும் வழியில், படகுத்துறையில் பஸ் படகில் ஏறுவதற்கு வரிசையில் நின்றபோது பென்னி பஸ்ஸுக்குள் எழுந்து நின்று அதைச் சொன்னார்.

பாலகுமாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு வருஷமா ஓட்டையப் பாத்து அடிச்சிருக்கேன்! நான் என்னவோ பெரிய ஆளாயிட்டேன்னு வீட்ல வேற சொல்லி வெச்சிருக்கேன்!"

பின்சீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். பாலகுமாருக்கு இன்னும் கோபம் வந்தது. "பதினஞ்சு தடவ பொய் சொன்னவருக்கு அடுத்த மேட்ச் இடம் கெடையாது, சொல்லிட்டேன்!"

எல்லோரும் பக்தவத்சலத்தைப் பார்த்தார்கள். அவர் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு தடவ உண்மை சொன்னானில்ல? அதுக்கு ரூல் இருக்கு. பொய்க்கு நாம ரூலே போடல. போட்டிருக்கணும்."

கொஞ்ச தூரம் போன பிறகு பாலகுமார் முன்சீட்டுக்கு வந்தான். "டீக் ஹை, சரி. மொத மேட்ச் உங்களுதுதான், அண்ணா. ஆனா கை முழுசா மேல வரணும். அப்புறம் கண்ணையும் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க."

"ஒன் ஷாட்டப் பாக்கதுக்குக் கண்ணே வேண்டாம்லே" என்றார் பென்னி. அப்போதுதான் பஸ்ஸில் மறுபடி பேச்சு தொடங்கியது.

பென்னி ரங்கத் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜன்னல் கம்பியில் பழைய சைக்கிள் ட்யூபைக் கட்டி, காலையில் நாற்பது தடவை, மாலையில் நாற்பது தடவை இழுக்கச் சொன்னார்கள். சோபியா எண்ணினார். முப்பத்தைந்தில் நிறுத்தப் பார்த்தால் முதலிலிருந்து எண்ணுவார். ஐஸ் பேக்டரியில் பென்னி மேஸ்திரியிடம் சொல்லி, தூக்குகிற வேலையிலிருந்து தூள் அரைக்கிற மெஷினுக்கு மாறிக்கொண்டார். ஏழு மாதம் போனது.

ஜனவரியில் பருவத்தின் முதல் ஆட்டம், ரங்கத்திலேயே, ஒரு புது டீமோடு. இறுதி ஆட்டமெல்லாம் இல்லை. பார்க்க வந்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். வரிசையில் கேட்டபோது பென்னி கையை மேலே தூக்கிக் காட்டிவிட்டு "ஹோகா" என்றார். முழு ஆட்டமும் நின்றார். இரண்டு கோல் விட்டார், அதில் ஒன்று கால்களுக்கு நடுவே. சிதாரா மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி அவரே சொன்னார்.

இந்த வருடமும் கோப்பை வரவில்லை. அரையிறுதியில் தோற்றார்கள், எண்ணிக்கை பதினேழாகவே நிற்கிறது. கேள்வியை இப்போது பயிற்சிக்கு முன்னாலும் தினமும் கேட்கிறார்கள். பென்னிக்கு நாற்பத்திரண்டு வயது. அஸ்வின் முதல் கோல்கீப்பர். பாலகுமார் வேறு மூலைக்கு அடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான், பாதி வெளியே போகிறது. நான்கு மணிக்குப் பென்னி பயிற்சி கோலில் நிற்கிறார். அவருடைய இடது கை இப்போது மறுபடி முக்கால்வாசிதான் எழும்புகிறது. அதற்கு மேலே அடித்துப் பழகும்போது அஸ்வின் மாறி நிற்கிறான்.