மஸ்கட்டுக்குக் காட்டும் காற்று

எங்கள் ஜீப்பில் ஏற மாமனாருக்கு ஒரு முக்காலி வேண்டும். எனக்கு அதுவும் போதாது. தச்சநல்லூரில் எங்கள் தெரு இருக்கிற அகலத்துக்கு, அதை நிறுத்தினால் ஓட்டுகிறவர் பக்கக் கதவு மதில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நான் இடது பக்கமாக ஏறி, சேலையைச் சுருட்டிப் பிடித்து, கியர் கம்பியைத் தாண்டிப் போய் உட்கார வேண்டும். தினமும் என்னை நானே ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வது போலத்தான்.

வண்டி என் கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. மலைப்பாதை, மணல் எதுவானாலும் ஏறுமாம். கூட்டாளிகளோடு இரண்டு தடவை தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்டினார். மணலில் புதையாமலிருக்க டயரில் பாதிக் காற்றை இறக்குவார்கள். இரண்டாம் தடவை திரும்ப நிரப்ப மறந்து, தார் ரோட்டில் அப்படியே ஓட்டிவந்து, இரண்டு டயரைக் கிழித்துவிட்டார். அதிலிருந்து காற்று குறைவு என்றாலே அவருக்குக் குலை நடுக்கம். மஸ்கட் வேலைக்குக் கிளம்பும்போது எனக்கு இரண்டு கட்டளைகள். வண்டி சும்மா கிடக்கக் கூடாது, தினமும் ஓட்ட வேண்டும். நாலு டயரிலும் காற்றழுத்தம் முப்பத்தாறு இருக்க வேண்டும்.

கட்டளையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டயரில் காற்றடிக்கும் வாய்க்கு மூடிக்குப் பதிலாக டயருக்கொரு சென்சாரைத் திருகிவிட்டுப் போனார். அது டயருக்குள் எவ்வளவு காற்று என்று வண்டிக்குள் இருக்கும் ஒரு டப்பாவுக்குச் சொல்லும். வண்டி ஓடும்போது டப்பா மஸ்கட்டில் அவர் போனுக்குச் சொல்லும். முப்பத்து நாலுக்குக் கீழே இறங்கினால் அங்கே மணியடிக்கும், இங்கே என் போன் அடிக்கும். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் நான் சாப்பிட்டேனா என்று அவர் இத்தனை தடவை கேட்டதில்லை.

போன வருஷம் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் விரிசல். வாரம் மூன்று நாள் பாளையங்கோட்டைக்கு அழைத்துப்போய் உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்க வேண்டும். முப்பத்தாறில் அந்த டயர் கல் மாதிரி இருக்கும். வண்ணார்பேட்டைக்குப் போகும் ஆற்றுப்பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு வண்டி குதிக்கும். மாமனார் மேலே உள்ள கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். வாயைத் திறக்க மாட்டார். ஆட்டோவில் போகட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். வீட்டில் வண்டியை வைத்துக்கொண்டு ஆட்டோவா என்று மஸ்கட்டிலிருந்து பதில் வந்தது.

நான் வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். எண் விஷயத்தில் ஒருவர் சொன்னார் என்பதற்காக நம்பிப் பழக்கமில்லை. டயருக்கு எவ்வளவு காற்று என்று கதவு இடுக்கில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரை, மதிலுக்கும் கதவுக்கும் நடுவில் போனை நுழைத்துப் படம் பிடித்துப் படித்தேன். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது இருபத்தொன்பது. மறுநாள் காலை வண்டியை எடுக்குமுன், அளவுமானியை வைத்து நாலிலும் இருபத்தொன்பதுக்கு இறக்கினேன்.

அன்று பாலத்தில் மாமனாரின் கை மடியிலேயே இருந்தது. பாதிப் பாலத்தில் கண்ணைத் திறந்து, ஆற்றில் தண்ணீர் பரவாயில்லையே என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது போன் அடித்தது.

"நாலும் இருபத்தொம்பது காட்டுது. காத்த எறக்குனியா?"

மாமாவுக்கு முதுகு தாங்கவில்லை, ஸ்டிக்கரில் போட்டிருப்பதும் இதுதான் என்றேன்.

"ஸ்டிக்கரா ரோட்டுல ஓட்டுது? அப்பா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. ஏம்ப்பா, வலிக்கா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்தார்.

"வலியெல்லாம் இல்லய்யா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே பஞ்சர் கடைக்கு விட்டு, நாலிலும் முப்பத்தாறு அடிக்கச் சொன்னேன். திரும்புகையில் பாலத்தில் வேகத்தைக் கூடக் குறைக்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது குதிப்பில் அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பாலம் இறங்கியதும் ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"அவன் அங்கன ஒத்தையில கெடக்கான்மா" என்றார். "எனக்கு வலிக்குன்னு தெரிஞ்சா வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவான். அவனுக்கு டயராவது சரியா இருக்கட்டும்."

அவரைத் திட்டவும் முடியவில்லை, மகனைத் திட்டவும் முடியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பிரியமாக இருந்து என்னை நடுவில் போட்டு நசுக்கினார்கள்.

மறுநாள் பஞ்சர் கடை அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு முழம் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை எடுத்து, இரு முனையையும் அடைத்து, காற்று வாய் நாலு பொருத்தி, உள்ளே முப்பத்தாறு அடித்தார். டயர்களிலிருந்த சென்சார்களைக் கழற்றி அந்த நாலு வாயிலும் திருகினார். டயர்களுக்குச் சாதாரணக் கறுப்பு மூடி, உள்ளே இருபத்தொன்பது.

"இத வண்டிக்குள்ளயே போட்டுக்கிடுங்க டீச்சர்" என்றார். "ஆனா வாரத்துக்கு ஒருக்க டயரப் பாக்கணும். இனிமே ஒங்களுக்கு மணியடிக்க ஆளு கெடையாது."

அடுத்த முறை போகும்போது குழாய் பின் சீட்டில் அங்குமிங்கும் உருண்டு லொடலொடத்தது. மாமனார் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் கையை நீட்டி அதை எடுத்து, சத்தம் போடாமலிருக்க மடியில் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டார். பாலத்தில் ஏறியதும் போன் வந்தது.

"இப்ப பாரு, நாலும் முப்பத்தாறு. ஒண்ணுக்கொண்ணு பிசகாம நிக்கி. இத்தன நாளும் இதத்தான சொன்னேன்" என்றார் என் கணவர். குரலில் அவ்வளவு நிம்மதி. "அப்பா, முதுகு எப்படி இருக்கு?"

மாமனார் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வலி இல்லய்யா" என்றார்.

அந்தப் பாலத்தில் வைத்து அவர் மகனிடம் சொன்ன முதல் உண்மை அது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் டயர் நாலோடு அந்தக் குழாய்க்கும் காற்றுப் பார்க்கிறேன்.