பு ஷி வோ

கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போகும் காலை பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் தொப்பி, நரைத்த தாடி, சீமெந்துத் தூள் படிந்த கைகள். போனைக் காதில் வைத்துக் கேட்பார், பிறகு "பு ஷி வோ, ஷி தா" என்று முணுமுணுப்பார்.

"என்ன பாஷை?" என்று கேட்டேன்.

"சீனம். 'நான் இல்ல, அவன்தான்' எண்டு அர்த்தம்."

துறைமுகப் பக்கம் ஒரு சீனக் கம்பெனியில் அவர் சாரதியாக இருந்தவர். அங்குள்ள மொழிபெயர்ப்பாளன் கம்பெனி வாகனத்தைக் கொண்டுபோய் மதிலில் இடித்துவிட்டு, இடித்தது இவர்தான் என்று எஞ்சினியரிடம் சீனத்தில் சொல்லிவிட்டான். இப்போது இவர் அதே கம்பெனியில் சீமெந்து மூட்டை தூக்குகிறார்.

"எனக்கு முன்னாலதான் சொன்னவன். விளங்காம நானும் தலையாட்டினனான்," என்றார்.

அடுத்த கிழமையும் அதே பஸ்ஸில் அவரைக் கண்டேன்.

"எஞ்சினியரிட்ட அதச் சொன்னீங்களோ?"

"ஓம், சொன்னனான். எஞ்சினியர் திருப்பி நீளமா என்னவோ கேட்டார். எனக்கு விளங்கயில்ல. உடன அந்த மொழிபெயர்க்கிறவனயே கூப்பிட்டார்."

"அவன்?"

"சிரிச்சிக்கொண்டு என்னவோ சொன்னான். எஞ்சினியர் என்ர தோளில தட்டிப்போட்டுப் போயிட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவருடைய மடியில் தடித்த சீனப் பாடப்புத்தகம் ஒன்று இருந்தது.

"இனி முழுசாப் படிக்கப்போறன். அவனுக்கு இங்க இன்னும் ரெண்டு வருஷம் வேலையிருக்கு," என்று ஆறுதலாகச் சொன்னார்.

நான் கண்டேயிராத அந்த மொழிபெயர்ப்பாளன்மேல் எனக்கு அன்றைக்கே இரக்கம் வந்துவிட்டது.