பின்சக்கரத்தில் பதினைந்து பல்

புதுச் செயின் எண்ணெய் வாசம்... அதோடு தெருவோரம் பனி உருகுகிற ஈர மணம். மொன்றியலில் ஏப்ரல் என்றால் எனக்கு இன்றைக்கும் இதுதான்.

கனடாவுக்கு வந்த புதிதில், அந்த நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு பேஸ்மென்ட் அறையில் இருந்தேன். ஒரு கிடங்கில் வேலை. அங்கே பொதி கட்டும் பகுதியில்தான் தர்சினியும்.

இருவரிடமும் ஒற்றைக் கியர் சைக்கிள். சக்கரம் ஓடும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலுக்கு ஓய்வே கிடையாது. முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்று வாங்கும்போதே முடிவெடுக்க வேண்டும். பின்னால் பல் குறைந்தால் வேகம், கூடினால் ஏற்றத்துக்குச் சுகம்.

நான் போட்டது நாற்பத்தெட்டுக்குப் பதினைந்து. கடைக்காரர் மவுண்ட் றோயல் மலைப் பக்கம் கையைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார். நான் கேட்டால்தானே! யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். ஊரில் நான் கண்ட ஆகப் பெரிய ஏற்றம் வாய்க்கால் மதகு.

தர்சினி திருகோணமலைக்காரி. கோணேசர் கோயில் ஏற்றத்தில் சைக்கிள் ஓடி வளர்ந்தவள். பின்னால் பத்தொன்பது போட்டிருந்தாள்.

"இது சின்னப்பிள்ளையள் ஓடுற கியர்" என்று நக்கலடித்தேன். சிரித்தாள்.

ஒரு ஞாயிறு காலை இருவரும் மலைக்குப் போனோம். உச்சியில் வைத்து, என்னைக் கலியாணம் கட்டச் சம்மதமா என்று கேட்பதாகத் திட்டம். குளியலறையில் மூன்று நாள் ஒத்திகை வேறு... சிரிக்காதீர்கள்.

முதல் வளைவிலேயே தொடை எரிந்தது. இரண்டாவது வளைவில் பெடல் அசைய மறுத்தது. இறங்கிவிட்டேன். தர்சினி அலுங்காமல் மிதித்துப் போய் மறைந்துவிட்டாள். மானம் போனது. கேட்க வந்ததும் போனது என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தாள்.

"ஏன் திரும்பி வந்தனீர்?"

"மேல தனிய நிண்டு என்னத்தப் பாக்கிறது?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மூச்சு வாங்க வாங்க அங்கேயே கேட்டுவிட்டேன்.

"என்னைக் கட்டுவீரோ?"

அவள் என் பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

"முதல்ல இந்தப் பதினைஞ்ச மாத்துங்க. பிறகு சொல்றன்."

திங்கட்கிழமையே இருபது பல் போட்டேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கவில்லை. அடுத்த ஞாயிறு கால் ஊன்றாமல் உச்சிக்குப் போனேன். "ஓம்" என்றாள். அந்தச் சந்தோசத்தில் இறங்கி வரும்போது கால் பெடலில் பட்டதாகவே நினைவில்லை.

இப்போது மகள், ஏழெட்டுக் கியர் வைத்த சைக்கிளில், "அலே, பப்பா!" என்று, வாங்கோ அப்பா என்பதைப் பிரெஞ்சில் கத்திக்கொண்டு முன்னால் பறக்கிறாள். என் பின்சக்கரத்தில் இப்போது இருபத்திரண்டு பல். முழங்கால் கேட்ட கியர். அதில் நிற்காமல் உச்சிக்குப் போகலாம்.

ஆனாலும் அந்த இரண்டாவது வளைவு வந்ததும் இறங்கிவிடுவேன்.

முன்னால் போன தர்சினி திரும்பி வருவாள்.

"ஏலாம இருக்கா?"

"ஓம்... மூச்சு வாங்குது."

என் பின்சக்கரத்தில் எத்தனை பல் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் இறங்கி என்னோடு நடப்பாள்.