ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த மூளை

மனித மூளையைக் காந்தத்தில் படம் பிடிப்பதுதான் என் பிழைப்பு. பாதி ஆயுசு இதிலேயே போய்விட்டது. ஆனாலும் திரையில் ஒரு மூளை தெளிந்து வரும்போது இன்னமும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்க்கிறேன். கத்தியில்லை, ரத்தமில்லை. உள்ளே படுத்திருப்பவர் எதையோ நினைக்கிறார். அந்த நினைப்புக்காக ரத்தம் ஓடுகிற இடம் வெளியே உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது. அடேயப்பா! இது எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது.

என் அண்ணனுக்கு இதெல்லாம் கேலி. ஓய்வுபெற்ற போலீஸ்காரர். "மண்டைய போட்டோ எடுக்கதுக்கா இம்புட்டுப் படிப்பு? செங்கோட்டை ஸ்டுடியோக்காரன் பத்து நிமிசத்துல எடுத்துத் தருவாம்லா" என்பார். நான் இந்த வேலைக்கு வந்ததே அப்பாவால்தான் என்பது அவருக்கும் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கையில் அப்பா ஒரு மாதம் தலைவலி, தலைவலி என்றார். ஒரு காலையில் சுந்தரபாண்டியபுரத்து வயலிலேயே விழுந்தார். தலைக்குள் என்ன இருந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு இந்தப் பக்கம் ஸ்கேன் எங்கே இருந்தது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

போன குற்றாலச் சாரல் சீசனில் ஓர் ஆய்வுக்காகத் தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வாங்கியிருந்தோம். உடம்பில் தண்ணீர் விழுவதை ஒருவர் சும்மா நினைத்துப் பார்த்தால் மூளையில் என்ன நடக்கும் என்பது எங்கள் கேள்வி. அதற்கு அருவியில் நின்று வளர்ந்தவர்கள் வேண்டும். நான் ஆள் தேடியபோது அண்ணனே, "நான் வாரேன்ட்டி" என்றார். இந்த மனுஷனா என்று எனக்கு ஆச்சரியம். தலைவலி, மயக்கம் உண்டா என்ற கேள்விக்குப் படிவத்தில் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். உடம்பில் உலோகம் எதுவும் கூடாது, தலை சுத்தமாக இருக்க வேண்டும், குளித்துவிட்டு வந்துவிடு என்று முந்தின நாளே போனில் சொன்னேன்.

சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளி அரைஞாணைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். அவருக்கு முன்னால் வந்தவரின் படங்கள் அப்பழுக்கில்லாமல் இருந்தன. மூளையைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டுகிற அண்ணனின் வேகப் படங்கள் திரையில் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். நெற்றிக்குப் பின்னால், மூளைக்குள்ளேயே, பிறை மாதிரி ஒரு வெள்ளை. அடுத்த துண்டிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. இப்படி வந்தால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவள் நான். அன்றைக்கு எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. வயலில் கிடந்த அப்பாதான் கண்ணுக்குள் நின்றார்.

பக்கத்தில் இருந்த டெக்னீஷியன் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேடம், அண்ணாச்சி வந்ததுல இருந்து எண்ண வாசம் தூக்குது. கவனிச்சீங்களா?"

ஓடிப்போய் அண்ணனை வெளியே எடுத்துத் தலையில் கை வைத்தேன். விரலெல்லாம் வழுக்கியது.

"என்னண்ணே இது? குளிச்சிட்டு வரச் சொன்னேம்லா?"

"குளிச்சிட்டுத்தானே வாரேன்? காலையிலயே குத்தாலம் போயி, எண்ண மசாஜ் பண்ணி, ஐந்தருவில ஒரு மணி நேரம் நின்னேன். சீசன்ல எவன்ட்டி வீட்டுல குளிப்பான்? அங்கன சோப்பு, ஷாம்பு போடக் கூடாதுல்லா."

"நீயெல்லாம் ஒரு போலீஸ்காரனா!" என்று கத்திவிட்டேன். கோபமெல்லாம் என்மேல்தான். இந்த ஊரில் பிறந்துவிட்டு, சாரல் நாளில் ஒருவரைக் குளித்துவிட்டு வரச் சொன்னால் எங்கே போவார் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? காந்தத்துக்குள் எண்ணெயும் தண்ணீரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. வேகமாக எடுக்கும் படத்தில் எண்ணெய், தான் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போய் விழும். முடியில் ஊறிய எண்ணெய்தான் மூளைக்குள் பிறையாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வேண்டும் என்பது போதாதே. மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம்.

எதிர்க்கடையில் ஷாம்பு பாக்கெட் வாங்கிவந்து, பாத்ரூமில் அவரைக் குனிய வைத்து நானே தேய்த்துவிட்டேன். "ஏட்டி, கண்ணு எரியுது" என்று முனகினார். தலையை நன்றாகத் துவட்டி மறுபடி உள்ளே அனுப்பிவிட்டு, திரையைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், பாருங்க" என்றாள் அந்தப் பெண்.

பிறை இல்லை. மெதுவாக எடுத்த படத்தையும் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தேன். சென்டர் டாக்டரும் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார்.

அதன்பிறகு அண்ணனை அருவியை நினைக்கச் சொன்னேன். நினைத்தார். தோளிலும் முதுகிலும் படுகிற தொடுகையை உணரும் இடங்கள் திரையில் நிறம் பிடித்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்தக் குழாய்க்குள் என் அண்ணன் ஐந்தருவியில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. கும்பிடாத குறைதான்.

வெளியே வந்தவர் படத்தைக் காட்டச் சொன்னார். அதிசயமாகக் கேலி ஒன்றும் வரவில்லை.

"உள்ள ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஏன் கேக்குத?"

"ஒரு மாசமாத் தலவலி. அப்பாக்கு வந்த மாதிரியே. பேப்பர்ல பொய் எழுதிட்டேன். சொன்னா நீ பயந்துருவல்லா."

அவருடைய ஈரத் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அப்பாக்கும் உள்ள இப்படித்தான் அழகா இருந்திருக்கும், என்னட்டி?" என்றார்.