அத்தானின் குரல் வந்த வழி

அக்கா வீட்டு அலுமாரியின் மேல், மாதா படத்துக்குப் பக்கத்தில், கறுப்பு வயர்லெஸ் ஒன்று இருக்கிறது. அதன் மைக் வெடித்த இடத்தில் தூண்டில் நரம்பான தங்கூசி சுற்றிக் கட்டியிருக்கும். கட்டியவர் அத்தான், உங்களுக்கு மாமா. பிள்ளைகள், போன கிழமை அந்த வீட்டில் உங்கள் வாயை நான் ஏன் அடைத்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குருநகரிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகுகள் அப்போது பின்னேரத்தில்தான் வீட்டோடு கதைக்கும். கோயில் மணி அடித்து முடிய அக்கா வயர்லெஸ்ஸைப் போடுவா. அவ்வளவு தொலைவுக்குக் குரல் நேரே வராது. மேகங்களுக்கும் எவ்வளவோ மேலே, வெயில் பட்டு மின்னேறிய காற்றுப் படலம் ஒன்று உண்டு. குரல் அதில் முட்டித் திரும்பித்தான் எங்கள் வீட்டுக்குள் விழும். அத்தானுக்கு அந்த விளக்கமெல்லாம் தேவையில்லை. "இண்டைக்கு மேலை வழி திறந்து கிடக்கு" என்பார், பிறகு என்ன கறி என்று கேட்பார். கேட்டுக்கொண்டிருக்கிற மற்றப் படகுக்காரர் விடமாட்டார்கள். "அண்ணை, உங்கடை வீட்டுக் குழம்பு கடலெல்லாம் மணக்குது, சனலை விடுங்கோ, நாங்களும் கதைக்கவேணும்." அக்கா வெட்கத்தில் மைக்கை என்னிடம் தந்துவிடுவா.

கடைசிப் பின்னேரம் குரல் மெலிந்துதான் வந்தது. "எஞ்சின் நிண்டிட்டுது. பயப்பிடாதை. குழம்பை இறக்காதை, வாறன்." பிறகு இரைச்சலுக்குள் அமிழ்ந்து போனது. படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. அக்கா இன்றுவரை மணி அடித்து முடிய அதைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பை மூட்டுகிறா.

போன கிழமை சாப்பாட்டில் நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னீர்கள். விண்வெளியிலேயே தகடுகளை விரித்து வெயிலைப் பிடித்து, மின்சாரமாக்கி, நுண்ணலைக் கற்றையாகப் பூமிக்கு இறக்கப் பார்க்கிறார்களாம். கற்றை கடக்கிற இடத்தில் அந்த மேல் படலம் சூடேறுமா, வானொலி அலைகள் தடம் மாறுமா என்று ஆராய்கிறார்களாம். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டா.

"அப்ப, அவற்ரை குரல் வாற வழி?"

சின்னவன் ஆறுதல் சொல்லத்தான் பார்த்தான். "கொஞ்சந்தான் சூடாகும் மாமி. அதுவும் கற்றை போற இடத்திலை மட்டும்."

"அவற்ரை குரலும் கொஞ்சந்தானே ராசா வந்தது."

பெரியவள், "மாமா இனி…" என்று தொடங்கினாள். அப்போதுதான் நான், "கதையை விட்டிட்டுச் சாப்பிடுங்கோ" என்று அதட்டினேன்.

குரல் மேலே தங்கி நிற்பதில்லை, முட்டின கணமே திரும்பிவிடும். அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனால் இத்தனை வருடமும் அவ அந்த இரைச்சலை, வழி திறந்துதான் கிடக்கிறது, அவர்தான் இன்னும் கதைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறா. நாளைக்கு வழியே மாறக்கூடும் என்றால், அந்த மௌனம் அவருடையதா வானத்தினுடையதா என்று அவ எப்படிக் கண்டுபிடிப்பா? ஆராய்ச்சி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் என்று அவர்கள் சொன்னாலும், அதை அக்காவிடம் கொண்டுபோய்ச் சொல்ல என்னால் ஏலாது.

வெளிக்கிட்டபோது வாசல் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அக்கா மைக்கைக் கையில் எடுத்து, தங்கூசி சுற்றிய இடத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றா. இரைச்சல் முற்றம்வரை கேட்டது. எங்களுக்குப் பரிமாறி முடிந்த பிறகும், குழம்புச் சட்டி அடுப்பிலேயே இருந்தது.